லூப் லைனில் ஒரு வீடு

அத்தியாயம் 14

போன வாரம் பாயிண்ட்ஸ்மேனைத் தூக்கம் வராமல் புரளவிட்டு வந்தோம். விடிந்துவிட்டது. மனிதர் குளித்து முடித்து, பெட்டியின் அடியிலிருந்து எடுத்த காக்கிச் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சட்டை அப்படியேதான் இருக்கிறது. வயிறுதான் ஓய்வெடுக்காமல் வளர்ந்திருக்கிறது.

"மூச்சை உள்ள இழுங்க" என்றாள் மனைவி, கட்டிலில் சாய்ந்தபடியே. "வண்டி போற வரைக்கும் வெளிய விடாதீங்க. பொத்தான் தெறிச்சு இன்ஜினியர் அம்மா கண்ணுல பட்டா, லைனும் வராது, ஒண்ணும் வராது."

"உனக்கு எல்லாமே கேலி."

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு வேற என்ன வேலை செய்ய முடியுது என்னால? இது ஒண்ணுதான் மிச்சம்."

அவள் கையில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரே ஒரு ஐஸ் துண்டு. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நாளிலிருந்து அவளுக்குத் தண்ணீர் அளந்துதான். உள்ளே போவது வெளியே வராது. தேங்கினால் மூச்சு முட்டும். தாகம் எடுத்தால் ஐஸ் துண்டை நாக்கில் வைத்து உருட்ட வேண்டியதுதான். "டம்ளர் நிறைய தண்ணி குடிக்கிறவங்களைப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள். வந்தவர்கள் சங்கடப்பட்டு டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்த ஊருக்கு ரயில் வந்து வருஷக்கணக்காகிறது. கூட்டமில்லை, கட்டுப்படியாகவில்லை என்று ஒரு நாள் நிறுத்தினார்கள். மூடிவிட்டோம் என்றும் சொல்லவில்லை, திறப்போம் என்றும் சொல்லவில்லை. 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள். தண்டவாளம் அன்றிலிருந்து சாகவும் இல்லாமல் பிழைக்கவும் இல்லாமல் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

ஜனங்கள் காத்திருப்பார்களா? அவரவர் வழியை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். ஆலைக்குப் போகிறவர்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே சைக்கிளில் போய்ப் போய் ஒரு பாதை போட்டுவிட்டார்கள். பாதை வந்தால் முள் வரும், முள் வந்தால் பஞ்சர் வரும். புருஷனோடு ஒத்துவராமல் வெறுங்கையோடு திரும்பி வந்த பாயிண்ட்ஸ்மேனின் மகள், ஸ்டேஷனின் பழைய சரக்குக் கொட்டகையைத் துடைத்துப் பெருக்கிக் குடியேறினாள். கொட்டகைக்கு முன்னால் தகரக் கூரை இறக்கி, சைக்கிள் பட்டறை போட்டாள். இன்றைக்கு அவள் பெயர் ஊருக்கே மறந்துவிட்டது. பஞ்சர் அக்கா என்றால்தான் தெரியும்.

அந்தக் கொட்டகையும் பட்டறையும் இருப்பது லூப் லைனில். மெயின் லைனிலிருந்து பிரிந்து ஒதுங்கும் பக்கத் தண்டவாளம் அது. எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் ஒன்று அதில் ஒதுங்கி நின்று மற்றதற்கு வழிவிடும். அதன் மறுமுனை இப்போது பஞ்சர் அக்காவின் பலகைத் தரைக்கு அடியில் இருக்கிறது.

இந்த லைன் மறுபடி ஓட வேண்டும் என்று பாயிண்ட்ஸ்மேன் ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் அவர் மனைவிக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். மிஷின் இருக்கும் ஆஸ்பத்திரி மலைக்கு அந்தப் பக்கம். ரயில் குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆஸ்பத்திரி வாசல். பஸ்ஸோ மலையை ஒரு சுற்றுச் சுற்றி, குடலை வாய்க்குக் கொண்டுவந்து, பிறகுதான் இறக்கிவிடும். திரும்பி வரும்போது அவளைப் பிழிந்துபோட்ட துணியாகத்தான் தூக்கிக்கொண்டு வருவார். போன முறை பஸ்ஸிலேயே நினைவு தப்பிவிட்டது. "சிகிச்சையைத் தாங்குவாங்க, இந்த பஸ் பிரயாணத்தை ரொம்ப நாள் தாங்க மாட்டாங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவிக்கு ரயில் வேண்டும். மகளுக்கு வீடு வேண்டும். பாயிண்ட்ஸ்மேனுக்கு இரண்டும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். மெயின் லைன் மட்டும் இருந்தால் போதும். காலையில் ஒரு வண்டி, மாலையில் ஒரு வண்டி. லூப் எதற்கு? கொட்டகையை மெயின் லைனிலிருந்து பார்த்தால் தெரியாதபடி புதர் மண்டிக் கிடக்கிறது. லைனைத் திறக்கலாமா என்று பார்க்க இன்ஜினியர் அம்மா வரும் இன்றைய சோதனை வண்டி மெயினில் வந்து, மெயினிலேயே போய்விட்டால், அவர் லூப் என்ற ஒன்றைக் கண்ணாலேயே பார்க்கப் போவதில்லை. ஆபீசில் இருக்கும் வரைபடத்திலேயே 'லூப் - உபயோகத்தில் இல்லை' என்றுதான் இருக்கிறதாம். சொன்னது மகன். அவன் ரயில் ஓட்டுகிறவன். சோதனை வண்டியை ஓட்டி வரப்போவதும் அவன்தான்.

இந்த ஸ்டேஷனில் லீவரை இழுத்துப் பாயிண்டை மாற்ற, அதாவது வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட, இப்போது வேறு ஆளில்லை. அதனால் ஒரே ஒரு நாளைக்கு மட்டும் பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

*

பஞ்சர் அக்கா கிரீஸ் படிந்த கையோடு வாசலில் வந்து நின்றாள்.

"மெயின்லதானேப்பா?"

"என்னை என்னன்னு நினைச்சே? லீவர் ஏற்கனவே மெயின்லதான் இருக்கு. நான் தொடவே வேண்டாம். கொடியை மட்டும் காட்டினா போதும்."

"சரி, கேட்டேன்."

"நீ பிறக்கறதுக்கு முன்னாலருந்து நான் இந்த லீவரைப் பிடிச்சிட்டிருக்கேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றாள் மகள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். பெற்றவளும் சிரித்தாள்.

கதவோரத்தில் அம்மாவின் துணிப்பை தயாராக இருந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரி நாள். மிஷினில் போட்டால் அவளுக்குக் குளிரும் என்பதால் ஒரு கம்பளி, தலைக்கு ஒரு துண்டு, பஸ்ஸில் வாந்தி எடுக்க நாலைந்து பிளாஸ்டிக் பைகள். முதல் நாளே எடுத்து வைத்துவிட வேண்டும் அவளுக்கு.

"லைன் வந்துட்டா இந்தப் பிளாஸ்டிக் பையெல்லாம் வேண்டாம்" என்றார் பாயிண்ட்ஸ்மேன்.

"முதல்ல வரட்டும்" என்றாள் அவள். "வயித்துல இல்லாத குழந்தைக்கு இப்பவே தொட்டில் கட்டாதீங்க."

*

வண்டி வருவதைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. பிளாட்பாரத்தில் முளைத்திருந்த செடிகளை யாரோ அவசரமாக வெட்டி ஓரத்தில் குவித்திருந்தார்கள். ஸ்டேஷன் கடிகாரம் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, போகலாமா இருக்கலாமா என்று ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நின்றார்கள்.

பாயிண்ட்ஸ்மேன் லீவருக்குப் பக்கத்தில், கக்கத்தில் சிவப்புக் கொடியும் கையில் பச்சைக் கொடியுமாக விறைப்பாக நின்றார். லைன் நின்ற பிறகும் அவர் அந்த லீவரை விட்டதில்லை. வாரம் தவறாமல் எண்ணெய் விடுவார், பாயிண்டில் அசையும் நாக்குத் தண்டவாளத்துக்குக் கிரீஸ் தடவுவார், துருவைச் சுரண்டுவார். எதற்கு என்று கேட்டால், "சும்மா கிடக்குதேன்னுதான்" என்பார்.

தூரத்தில், வளைவுக்கு அப்பால், ஹாரன் கேட்டது.

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. எவ்வளவு காலமாகிவிட்டது அந்தச் சத்தத்தைக் கேட்டு! கண் நிறைந்து, வளைவு கலங்கி, பாயிண்ட்ஸ்மேனுக்கு வண்டி சரியாகத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். ஒற்றைப் பெட்டி வண்டி. பிரயாணிகள் இல்லை.

ஸ்டேஷன் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் ஏறிய வண்டிக்கு மெயின். ஆளில்லாத வெறும் வண்டி வந்தால், அதை லூப்பில் ஒதுக்கி, மெயினைக் காலியாக வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கை அதைத்தான் செய்துவந்தது. வெறும் எஞ்சின் ஹாரன் அடித்தால், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்துவந்து லூப்புக்குப் பாயிண்டைத் திருப்பிவிட்டு, போய் மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிடுவார்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவர் கை லீவரைப் பிடித்து இழுத்தது. இத்தனை வருஷம் எண்ணெய் குடித்த லீவர், தாயின் இடுப்புக்குத் தாவும் குழந்தை மாதிரி முரண்டு பிடிக்காமல் வந்தது. பூட்டினார். நிமிர்ந்தார். பச்சைக் கொடியை உயர்த்தினார்.

வண்டியின் மூக்கு புதர்ப் பக்கம் திரும்பியபோதுதான் அவருக்கு உறைத்தது.

கத்தினாரா, கொடியை இறக்கினாரா, சிவப்பை எடுத்தாரா? ஒன்றும் செய்யவில்லை. கை உயர்த்தியது உயர்த்தியபடியே நின்றது. பார்த்தவர்கள், "பெரியவர் என்ன கம்பீரமா நிக்கறார் பாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசிச் சக்கரம் பாயிண்டைத் தாண்டியதும் லீவரை மறுபடி மெயினுக்குத் தள்ளி வைத்தார். அதுவும் பழக்கம்தான்.

*

பஞ்சர் அக்கா ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அழுத்தி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புதர் முறியும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். செடியையும் கொடியையும் நசுக்கிக்கொண்டு ஒரு மஞ்சள் வண்டி அவள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தம்பியின் முகம்.

வண்டி பட்டறைக்குச் சற்று முன்னால் நின்றது. கூரையிலிருந்து தொங்கிய சைக்கிள் டயர்கள் காற்றில் ஆடின.

இன்ஜினியர் அம்மா இறங்கினார். நரைத்த தலை, தேய்ந்த செருப்பு, கத்தாத குரல். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நமக்கும் திட்டித் தீர்க்கச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் குனிந்து தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தார். காலால் ஜல்லியை விலக்கி, அடியிலிருந்த கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இந்த லூப் போயிடுச்சுன்னுல்ல எங்க வரைபடத்துல இருக்கு? பிரமாதமா இருக்கே! பாயிண்ட் வெண்ணெய் மாதிரி திரும்புது. யார் இதைப் பாத்துக்கறது?"

"எங்க பாயிண்ட்ஸ்மேன்தாங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் பெருமையோடு சொன்னது. "வாராவாரம் எண்ணெய் விடுவாரு!"

இன்ஜினியர் அம்மா பஞ்சர் அக்கா பக்கம் திரும்பினார்.

"இங்க குடியிருக்கீங்களாம்மா?"

"ஆமா."

"தண்டவாளம் உங்க பலகைக்கு அடியில போகுது."

"தெரியும். நான்தான் பலகை போட்டேன்."

இன்ஜினியர் அம்மா மெல்லச் சொன்னார்: "மறைக்காம சொல்லிடறேன். லூப் இல்லேன்னா இந்த லைன் தேறாதுன்னுதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். ஒரே ஒரு வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி யாருக்கும் கட்டாது. தண்டவாளத்தைக் கழட்டிடலாம்னு எழுதறதா இருந்தேன். இப்ப லூப் இருக்கு. எதிரெதிரா ரெண்டு வண்டி விடலாம். திறக்கலாம்னு எழுதலாம்."

"எழுதினா என் வீடு?"

"கண்ணால பாத்துட்டேனேம்மா. பாக்கலைன்னு எப்படி எழுதறது?"

அவரோடு வந்த உதவியாளன் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, பட்டறைத் தூணில் ஒரு குறுக்குக் கோடு இழுத்தான். பெயிண்ட் வழிந்து கீழே கிடந்த ஒரு சைக்கிள் சீட்டில் சொட்டியது. "மன்னிச்சுக்கோங்க" என்று அவன் தன் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தான். தூணைத் துடைக்கவில்லை.

*

அவர்கள் லூப்பை அளந்துகொண்டிருந்த நேரத்தில், குடும்பம் பாயிண்ட்ஸ்மேன் வீட்டில் கூடியது. கூடியது என்று சொல்வது தப்பு. ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"உனக்குப் பிரேக் இல்லையாடா?" என்று ஆரம்பித்தாள் அக்கா.

"அக்கா..."

"வண்டியில பிரேக் இருக்கா, இல்லையா?"

"பச்சை காட்டினா போகணும்க்கா. அதுவும் அப்பா கையில பச்சை." தம்பி தொப்பியைக் கசக்கினான். "பாயிண்ட் லூப்புக்குத் திரும்பியிருக்கறதைப் பாத்தேன். வர்ற வழியில மேடம் இதையேதான் சொல்லிட்டு வந்தாங்க. லூப் இல்லேன்னா லைனே கிடையாதுன்னு. அது அப்பாவுக்கும் எப்படியோ தெரிஞ்சு போச்சு, அவரே முடிவு பண்ணிட்டாருன்னு நினைச்சேன்."

"என்ன முடிவு?"

அவன் பார்வை கட்டில் பக்கம் போனது.

"சொல்லுடா. என்ன முடிவு?"

"அம்மாவா, உன் பட்டறையான்னு."

கட்டிலில் இருந்தவள் ஐஸ் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு கரைந்து, அடியில் ஒரு மடக்குத் தண்ணீராகியிருந்தது.

"நான் ஒண்ணும் முடிவு பண்ணலம்மா" என்றார் பாயிண்ட்ஸ்மேன். "கை பண்ணிடுச்சு. வெறும் வண்டி... சத்தம் கேட்டுச்சு... கை பாட்டுக்கு..."

"ஓடுற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையா ஆகிப்போச்சேப்பா" என்றாள் மகள். "அதுவும் உங்க மடியில இல்ல, என் மடியில. லூப்பைத் துருப்பிடிக்க விட்டிருந்தா இன்னிக்கு உங்களால இழுத்திருக்கவே முடியாது. எண்ணெய் விட்டீங்க. என் வீட்டு வாசலுக்கு வர்ற வழிக்கு வாராவாரம் எண்ணெய் விட்டிருக்கீங்க."

"வேற இடம் பாத்துக்கலாம்க்கா, நான் இருக்கேன்" என்றான் தம்பி.

"வேற இடத்துல சைக்கிள் எங்கடா வரும்? ரயில் வந்தா அந்தப் பாதையே இல்ல. பாதை இல்லேன்னா பஞ்சர் எங்க? புருஷன் வீட்டுலருந்து வந்தப்ப எல்லாரும் 'நான் இருக்கேன், நான் இருக்கேன்'னுதான் சொன்னீங்க. தங்கறதுக்கு இடம் குடுத்தது அந்தக் கொட்டகைதான்."

அவள் விடுவிடுவென்று வெளியே போனாள். பட்டறையிலிருந்து ஒரு தடித்த சைக்கிள் சங்கிலியை எடுத்துவந்தாள். லீவரையும் அதன் இரும்புச் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றினாள். பூட்டினாள். லீவர் மெயினில் இருந்தது. வண்டி லூப்பில் இருந்தது. இனி வண்டி அவள் வாசலை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் தடம் புரளும்.

திரும்பி வந்து, சாவியை அம்மாவின் மடியில் போட்டாள்.

"நீயே சொல்லும்மா. உனக்கு ரயில் வேணுமா, எனக்கு வீடு வேணுமா? நீ எதைச் சொன்னாலும் நான் கேட்டுக்கறேன். இவங்க ரெண்டு பேரும் சொல்லி நான் கேக்க மாட்டேன்."

சொன்ன மறுகணமே அவள் முகம் மாறியது. எய்த அம்பைத் திருப்பிப் பிடிக்க முடியுமா?

"அடிப்பாவி" என்றார் பாயிண்ட்ஸ்மேன் முணுமுணுப்பாக. "அவகிட்ட போயா கேப்பே?"

"விடுங்க" என்றாள் அம்மா. "என்கிட்டதான் கேக்கணும். என்னாலதானே எல்லாம்."

*

இன்ஜினியர் அம்மா கோபப்படவில்லை. சங்கிலியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து யாரோ கொடுத்த டீயைக் குடித்தார். "குகையைப் பாக்க வெளிச்சம் இருக்கணும். அதுக்குள்ள விட்டாங்கன்னா சரி" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில், அம்மா வந்தாள்.

வீட்டுக்கும் லீவருக்கும் இடையே கூப்பிடு தூரம்தான். அதற்கே ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றிலும் நின்று மூச்சு வாங்கினாள். பாயிண்ட்ஸ்மேன் பிடிக்கப் போனார். கையை உதறினாள். கூட்டம் பேச்சை நிறுத்தி வழிவிட்டது. மகள் பட்டறைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

அம்மா முதலில் பெஞ்சுக்குப் போனாள்.

"நீங்கதானா இன்ஜினியர் அம்மா? இந்த ஊருக்கு லைன் ஏன் வேணும்னு எழுதும்போது என்னைப் பத்தியும் எழுதியிருக்கீங்களாமே? என் பையன் சொன்னான்."

"ஆமாம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி ஒருத்தர் இருக்காங்கன்னு."

"அதை அடிச்சிடுங்க."

"ஏம்மா?"

"ஊருக்கு வேணும்னா லைன் வரட்டும். ஊர் கேக்கட்டும், நீங்க எழுதுங்க. என் பேரைச் சொல்லி என் பொண்ணு வீட்டை யாரும் எடுக்க வேண்டாம். எனக்கு ரயில் வேண்டியிருக்காது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அதற்குள் லீவர் பக்கம் நடந்துவிட்டாள். குனிந்து, மகள் போட்ட சாவியால் பூட்டைத் திறந்தாள். சங்கிலி சலசலவென்று ஜல்லியில் விழுந்தது.

"லீவரை இழுங்க" என்றாள் கணவரிடம். "இப்பத் தப்பில்லாம இழுங்க. அந்தம்மா வேலையைப் பாக்கட்டும்."

அவர் இழுத்தார். மகன் வண்டியைப் பின்னால் எடுத்து, மெயினுக்கு வந்து நின்றான். ஜன்னலிலிருந்து, "அம்மா, நான் குகை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்" என்றான். அவளைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"போயிட்டு வாடா" என்றாள்.

வண்டி மலையைப் பார்த்துப் போனது. கூட்டம் கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் கலைந்தது. சைக்கிள்காரர்கள் பாதையில் ஏறி மிதித்தார்கள். ஒருவன் பட்டறை முன்னால் நின்று, "அக்கா, என் டியூபு?" என்று கேட்டான். பஞ்சர் அக்கா காதில் வாங்கவே இல்லை. சங்கிலியை வாரி எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தாள்.

*

வீட்டுக்குள் வந்ததும் அம்மா கட்டிலுக்குப் போகவில்லை. கதவோரத்துப் பையை எடுத்தாள். கம்பளியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். துண்டைக் கொடியில் போட்டாள். பிளாஸ்டிக் பைகளைச் சுருட்டிச் சமையலறை மூலையில் செருகினாள். காலிப் பையை ஆணியில் மாட்டினாள்.

பாயிண்ட்ஸ்மேன் சட்டைப் பொத்தானைக் கழற்றியவர் பாதியில் நின்றார். "நாளைக்கு வேற பை எடுத்துட்டுப் போறியா?"

அவள் அடுப்படிக்குப் போனாள். குடத்தின் மூடியை எடுத்தாள். அலமாரியில் எல்லாருக்கும் ஒரு டம்ளர் இருந்தது. அவளுடையது மருந்து குடிக்கும் அளவுக்குச் சின்னது. அதைத் தள்ளிவிட்டு, கணவருடைய பெரிய டம்ளரை எடுத்தாள். குடத்தில் முக்கினாள். ததும்பத் ததும்ப எடுத்தாள்.

அண்ணாந்து குடித்தாள்.

குடித்தாள் என்றால், தண்ணீரையே இதுவரை பார்த்திராதவள் மாதிரி. கடவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அவள் கண் மூடியிருந்தது. அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! அதனாலேயே பாயிண்ட்ஸ்மேனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவரால் அடியெடுத்து வைக்க முடியவில்லை.

மகள்தான் ஓடினாள். சங்கிலியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, டம்ளரைப் பிடித்து இழுத்தாள். டம்ளர் காலி.

"அம்மா, என்னம்மா பண்றே? நான் கோவத்துல பேசிட்டேன்மா. வீடு போனா போகுது. இவ்வளவு தண்ணியா குடிப்பே? நாளைக்கு மிஷின்ல ஏத்தறதுக்கு முன்னால எடை பாப்பாங்களே, அங்க என்ன சொல்லுவே?"

அம்மா உள்ளங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மறுபடியும் டம்ளருக்குக் கையை நீட்டினாள்.

"நாளைக்கு அங்க யாரு போறா?" என்றாள்.